கை பழகும்போது: ஓலை இழைப்பு பற்றி எங்கள் விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். பனையோலை இழைக்கத் தொடங்கியது 37 வயதில், இப்போது 45. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் ஓலையும், ஓலை வாருகிற சின்னக் கத்தியான சத்தகமுமாக உட்கார்ந்திருப்போம். யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை, சான்றிதழும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் ஓலையைப் பற்றிக் கேட்பார்கள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் கேள்வி அவர்களைப் பற்றியதாக மாறிவிடும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எட்டு வருடத்தில் எனக்குப் பிடிபட்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு கைவேலை பழகுவதால் ஆளே மாறிவிடுவாரா?

பிறவிக் குணம் மாறும் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் உங்களை எந்தச் சொல்லால் நினைத்துக்கொள்கிறீர்களோ, அது மாறும். அமெரிக்க உளவியலாளர் டாரில் பெம் 1972-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. ஆள் தன்னை அறிவது மனதுக்குள் எட்டிப் பார்த்து மட்டுமில்லை. உள்ளே தெளிவாக ஒன்றும் தெரியாதபோது, அடுத்த வீட்டுக்காரரின் செய்கையைப் பார்த்து ‘இவர் இப்படிப்பட்டவர்’ என்று ஊகிப்பதைப் போலவே, தன் செய்கையைப் பார்த்துத் தன்னையும் ஊகிக்கிறார் என்றார் அவர்.

எனக்கு இது அப்படியே நடந்தது. பொறுமை இல்லாதவள் என்றே சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன், நானும் நம்பினேன். ஒருநாள் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. லாம்பு வெளிச்சத்தில் ஒரு பெட்டியின் மூலையை நாலாம் தரம் அவிழ்த்துத் திரும்ப இழைத்துக்கொண்டிருந்தேன். பொறுமை இல்லாதவள் நாலு தரம் அவிழ்ப்பாளா என்று அப்போதுதான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை. என் கையைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

வன்னியில் இருக்கிறவர்களுக்கு இதில் தனியாக என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கடந்த முப்பது வருடத்தில் இங்கே எங்களுக்குக் கிடைத்த பெயர்களை நினைத்துப் பாருங்கள். 1995-இன் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலேரி கடந்து வந்தவர்கள் ‘இடம்பெயர்ந்தோர்’. அடுத்த வருடமே கிளிநொச்சி விழ, இருந்தவர்களும் வந்தவர்களும் சேர்ந்து திரும்ப ‘இடம்பெயர்ந்தோர்’. 2009-க்குப் பிறகு ‘நலன்புரி நிலையத்தில் உள்ளோர்’. வெளியே வந்ததும் ‘மீள்குடியேறியோர்’. அப்புறம் ‘பயனாளி’, ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’. அலுவலகத்தில் இந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். நிவாரணமும் வீட்டுத்திட்டமும் அந்த நிரல்களைப் பார்த்துத்தான் வரும். ஆகவே அந்தச் சொற்களை நான் பழிக்கவில்லை. ஆனால் அவை எல்லாமே எங்களுக்கு நடந்தவற்றின் பெயர்கள். நாங்கள் செய்கிற ஒன்றின் பெயர் அந்த நிரல்களில் எங்கும் இல்லை.

எங்களோடு இருக்கிற ஓர் அம்மாவுக்கு அறுபது கடந்துவிட்டது. புது ஆள் யார் வந்தாலும் வீடு போனது, மகன் போனது, பிறகு கணவர் போனது என்று அந்த வரிசையிலேயே தன்னைச் சொல்லுவார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் எங்களிடம் வரத் தொடங்கிச் சில மாதம் கழித்து, வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை பழக வந்தாள். அம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, “இங்க வா பிள்ளை, விளிம்பு பொத்துறது எண்டால் என்னட்டக் கேள்” என்றார். மற்றக் கதையும் வந்ததுதான், ஒரு மணித்தியாலம் கழித்து. அவருடைய இழப்பு எள்ளளவும் குறையவில்லை. தன்னைச் சொல்லத் தொடங்கும் இடம் மாறியது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எத்தனை நாள் பழகினால் ‘நான் பெட்டி இழைக்கிறவள்’ என்று சொல்லிக்கொள்ளலாம்?

நாள் கணக்கு இல்லை. கனடாவில் பணியாற்றிய சமூகவியலாளர் றொபேட் ஸ்டெபின்ஸ் 1982-இல் ‘தீவிரப் பொழுதுபோக்கு’ என்று ஒரு வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சும்மா நேரம் போக்குவதிலிருந்து அதை வேறுபடுத்த ஆறு குணங்களைச் சொன்னார். இடைஞ்சல் வந்தாலும் விடாமல் தொடர்வது அதில் ஒன்று. முயன்று அறிவும் பயிற்சியும் சேர்ப்பது இன்னொன்று. செய்கிற காரியத்தோடு தன்னையே சேர்த்து அடையாளம் காண்பதும் அதில் வரும். என் அனுபவத்தில் விடாமல் தொடர்வது முந்தி வரும், அடையாளம் பிந்தி வரும். முதலிலேயே ‘நான் கைவினைக் கலைஞர்’ என்று முகநூலில் போட்டவர்கள் சிலர் மூன்றாம் கிழமை வரவில்லை.

ஒரு அறிகுறி சொல்கிறேன். கலியாண வீட்டிலோ, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன இடத்துக் கடையிலோ ஓர் ஓலைப்பெட்டியைக் கண்டால், உங்கள் கை தன்பாட்டில் அதைத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்க்கும். வாங்குகிறவர் வாயைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார். அடி எப்படித் தொடங்கியிருக்கிறது, மூலை எங்கே திரும்புகிறது என்று பார்ப்பவர் இழைக்கிறவர்தான்.

இன்னொன்று, பெயரை மற்றவர் தருவார்கள். எங்கள் ஒழுங்கையில் நான் நெடுங்காலம் ‘கந்தோரில் வேலை செய்யிற அக்கா’. ஒருநாள் பின்வளவுச் சிறுவன் ஒருவன் வேலிக்கு மேலால் எட்டி, “பெட்டி இழைக்கிற அன்ரி, பந்து உங்கட வளவுக்க விழுந்திட்டுது” என்று கூப்பிட்டான். பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஏன் ஓலை? தையல், கிறோசே எல்லாம் கூடாதா?

கூடும். பன்பாய் இழைக்கலாம், பிரம்பு பின்னலாம், மண் குழைக்கலாம். எனக்கு ஓலை வாய்த்தது, அம்மம்மாவின் மடியில் பார்த்த வேலை என்பதால். உங்கள் கைக்கு எது வாய்க்கிறதோ அதைச் செய்யுங்கள்.

முதலில் எதை இழைத்துப் பழகுவது?

தடுக்கு. வெறும் தட்டையான, ஒரு சாண் அகலத் தடுக்கு. அதற்குப் பிறகு பனங்கட்டி போடுகிற குட்டான். அதற்கும் பிறகுதான் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. நான் இந்த ஒழுங்கை மீறி நேரே நீத்துப்பெட்டியில் தொடங்கினேன். பிட்டு எங்கள் வீட்டில் தினமும் அவிகிறது, உடனே பயன்படும் என்ற ஆசை.

நீத்துப்பெட்டி கூம்பு வடிவம். கூர்முனை கீழே பானைக்குள் இறங்கும். ஆவி அந்த இழைப்பின் இடுக்குகளால் மேலே ஏறி மாவை அவிக்க வேண்டும். தளர்வாக இழைத்தால் மா கொட்டும். இறுக்கி இழைத்தால் ஆவி ஏறாது, நடுவில் மா பச்சையாக நிற்கும். என்னுடையது இரண்டையும் செய்தது: ஒரு பக்கத்தால் மா கொட்டியது, மறுபக்கம் வேகவில்லை. காரணம் இழைப்பு இல்லை, ஓலையை நீளக் கீற்றுகளாக வார்ந்த விதம். என் வார்களில் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம்.

அதனால் வருகிறவர்களை முதல் இரண்டு கிழமை இழைக்கவே விடுவதில்லை. குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, இரவுப் பனியில் போட்டுப் பதமாக்கி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்துக்கு வாரவேண்டும். வார்ந்ததை ஈரத்துணியில் சுற்றி வைக்கவேண்டும். காய்ந்தால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். சத்தகத்தை அசைக்காமல் பிடித்து ஓலையை இழுங்கள். எல்லோரும் ஓலையைப் பிடித்துக் கத்தியை இழுப்பார்கள், அங்கேதான் அகலம் பிசகும். இது கைக்கு வந்த நாளில் ஓலை கிழிகிற சத்தமே மாறும்: விட்டுவிட்டுக் கேட்ட சரசரப்பு ஒரே நீளமான சீறலாகிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் விறாந்தையில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம்.

எனக்கு எதையும் பாதியில் விடுகிற பழக்கம். என்ன செய்வது?

சின்னதாக எடுத்து முடியுங்கள். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடதாசியில் கொக்கும் தவளையும் மடிக்கத் தெரியாதவர்களை மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் தங்கள் கோணல் கொக்குக்குக் கொடுக்க முன்வந்த விலை, வேறு ஆட்கள் அதற்குச் சொன்ன விலையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், செய்த பொருளைக் குலைத்தபோதும், முடிக்க விடாமல் நிறுத்தியபோதும் அந்தப் பற்று காணாமல் போனது. ஆகவே கடகம் என்கிற பெரிய பெட்டி ஐந்தைப் பாதியில் விடுவதை விட, முடிந்த தடுக்கு ஒன்று உங்களுக்குக் கூடுதலாகத் தரும். கோணலாக இருக்கட்டும். விளிம்பு பொத்தி முடியுங்கள்.

அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டு இது ஒரு வேலையா? மதிப்புக் குறையாதா?

வாய்விட்டுக் கேட்பவர் குறைவு, மனதில் வைத்திருப்பவர் அதிகம். என் சொந்தக்காரர் ஒருவர் வாய்விட்டே கேட்டார். நான் ஓலையை மடியிலிருந்து இறக்கி வைக்கவில்லை. இழைத்துக்கொண்டே பதில் சொன்னேன்.

எங்கள் சமூகத்தில் தொழிலும் சாதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. மரம் ஏறுகிறவர், இரும்பு அடிக்கிறவர், மண் பிசைகிறவர் என்று பிறந்த உடனேயே ஆளுக்கு ஒரு வேலையை ஒட்டினார்கள், அதோடு சேர்த்து மரியாதையையும் அளந்து கொடுத்தார்கள். அந்த அளவு இன்றும் பலர் மனதில் கிடக்கிறது. ஓலை இழைப்பைப் பொறுத்தவரை, முன்பு பல வீடுகளிலும் பெண்கள் தங்கள் தேவைக்குப் பெட்டியும் பாயும் இழைத்தார்கள். பிளாஸ்டிக் வாளியும் பையும் மலிவாக வந்த பிறகு, வாங்க வழியில்லாதவர் செய்கிற வேலை என்று அதற்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு வேலையை நீங்களே விரும்பி எடுக்கும்போது, பிறப்பைக் கொண்டு ஆளை எடைபோடும் அந்தத் தராசை மறுக்கிறீர்கள். எங்கள் விறாந்தையில் யார் என்ன ஆட்கள் என்று யாரும் விசாரிக்கக்கூடாது. இது நான் வைத்த ஒரே சட்டம். ஒருமுறை விசாரித்தவரை, இனி வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தாய், மனைவி, ஆசிரியை என்று ஏற்கெனவே போதுமான அடையாளம் இருக்கிறது. இன்னொன்று சுமை இல்லையா?

நேரம் என்று பார்த்தால் சுமைதான், மறைக்க மாட்டேன். ஆனால் இப்படியும் பாருங்கள். பற்றிசியா லின்வில் என்ற உளவியலாளர் 1980-களில் ஒரு கருத்தை முன்வைத்தார்: தன்னைப் பல தனித்தனி முகங்களாகக் காண்கிறவருக்கு, ஒரு முகத்தில் அடி விழும்போது மற்றவை கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே மாதிரி உறுதிப்படுத்தவில்லை, எனவே சட்டம்போலச் சொல்ல மாட்டேன்.

என் கதையைச் சொல்கிறேன். பதவி உயர்வுப் பரீட்சையில் இரண்டாம் தரமும் தவறினேன். அந்தக் கிழமை முழுக்க அலுவலகக் கதிரையில் உட்காரவே கூச்சமாக இருந்தது. வீட்டில் ஒரு கடகம் பாதியில் கிடந்தது, சதுர அடி முடிந்து மூலை திருப்புகிற இடத்தில். கடகத்துக்கு அடி சதுரம், வாய் வட்டம். நாலு மூலையும் சரியாகத் திரும்பினால்தான் சுவர் எழும்பும். பரீட்சை தவறினவள் என்று அந்த மூலை எனக்குச் சலுகை காட்டவும் இல்லை, என்னைத் தள்ளி வைக்கவும் இல்லை. எப்போதும்போல அதே மடிப்பைக் கேட்டது. நாலு மூலையும் எழும்பிய பிறகு சோறு இறங்கியது.

யுத்தத்தால் மனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது மருந்தாகுமா?

மருந்து என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் சொன்னால் நம்பவும் வேண்டாம். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது நெஞ்சுப் படபடப்புத் தணிகிறது என்று எங்களில் பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் இரவில் அலறி எழும்புவது, மாதக்கணக்காக நித்திரை இல்லாதது, உயிரோடு இருக்க விருப்பமில்லாதது என்றால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். ஓலையை அங்கேயும் கொண்டு போகலாம்.

ஒன்று மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் இங்கே பெண்களுக்குப் பயிற்சி வைத்தது. கடைசி நாள் ஒவ்வொருவரையும் பெட்டியோடு நிறுத்திப் படம் எடுத்து, ‘உங்கள் யுத்தக் கதையைச் சொல்லுங்கள்’ என்றார்கள். எப்படி இழைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் விறாந்தையில் யாரும் கதை சொல்லவேண்டியதில்லை. சொன்னால் கேட்போம்.

கை ஒன்று இல்லாதவர் பழகலாமா?

பழகலாம். முழங்கைக்குக் கீழே இடது கை இல்லாத ஒரு தம்பி எங்களோடு இருக்கிறார். தடுக்கின் ஒரு பக்கத்தைக் கால் பெருவிரலால் அமத்திப் பிடிப்பார், மறுபக்கத்துக்கு ஒரு மரக்கட்டை. பாய் இழைக்கிறவர்கள் காலால் அமத்துவது பழைய வழக்கம்தானே. அவருடைய இழைப்பு எங்கள் எல்லோருடையதையும் விட நேரானது.

ஆண்கள் வரலாமா?

வரலாம். இப்போது மூன்று பேர் வருகிறார்கள்.

செய்ததை விற்கலாமா?

விற்கலாம், ஆனால் மலிவாக விற்காதீர்கள். வடக்கில் இதைச் செய்து வயிறு கழுவுகிற பெண்கள் ஏராளம். பனை அபிவிருத்திச் சபை 1978-இல் தொடங்கியதிலிருந்து இந்தப் பொருட்களுக்குச் சந்தை பிடித்துக் கொடுக்கும் முயற்சி நடக்கிறது. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. ‘பொழுதுபோக்குத்தானே’ என்று நான் பாதி விலைக்குக் கொடுத்தால், சந்தையில் பெட்டி வைத்திருக்கிறவரின் சோற்றில் கை வைக்கிறேன். நான் அன்பளிப்பாகக் கொடுப்பேன். விற்றால் அவர்கள் விலைக்குத்தான் விற்பேன்.

விற்கத் தொடங்கினால் உங்களுக்குள்ளும் ஒன்று மாறும். நத்தார் காலத்தில் ஒரு கடை என்னிடம் ஒரே அளவில் 40 பெட்டி கேட்டது. ஒப்புக்கொண்டேன். இருபதாவது பெட்டிக்குப் பிறகு அடியைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஓடர் எடுக்கவில்லை. உங்களுக்கு அது ஒத்துவரலாம். வருமானம் தேவையென்றால் தயங்காமல் செய்யுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். பனையில்லாத ஊரில் இது எப்படி?

வார்ந்து காய்ந்த ஓலை நிறை குறைவு, வந்து போகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். ஆனால் தாவரப் பொருள் கொண்டுபோக உங்கள் நாட்டு விதி என்ன என்று முதலில் பாருங்கள். ஓலை கிடைக்காத நாட்களில் தடித்த கடதாசியை வார்ந்து பழகுங்கள். மூலை திருப்பும் கணக்கு ஒன்றுதான். போன வருடம் அங்கிருந்து வந்த ஒரு தங்கச்சி இங்கே இரண்டு கிழமை இருந்து பழகினாள். தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் சத்தகம், ஈர்க்கு, குருத்து, பொத்துதல் என்ற சொற்களைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்கே அதில் பாதிச் சொல் தெரியாது.

என் பிள்ளைகள் இதில் ஆசை காட்டவில்லை. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். என் மகள் ஓலையைத் தொடமாட்டாள், அவளுக்குக் கிற்றார். விரல் நுனி தடித்துப் போவதை எனக்குக் காட்டுவாள், நான் என் பெருவிரல் தடிப்பைக் காட்டுவேன்.

குருத்து வெட்டினால் பனைக்குக் கேடில்லையா? ஓலைக்கு எங்கே போவது?

அளவோடு வெட்டினால் கேடில்லை. பனை கிளை விடாது, வளர்ச்சி முழுவதும் உச்சியிலிருக்கிற ஒரே மொட்டில்தான். வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு டசின் ஓலைதான் விடும். ஆகவே ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தெடுக்காதீர்கள், மொட்டில் கத்தி படவே கூடாது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் என்று கணக்கில்லாமல் பனைகள் தறிக்கப்பட்டன. மிஞ்சியதை நாங்களும் மொட்டையாக்கக்கூடாது.

உள் வன்னியில் காடும் வயலும்தான் அதிகம், பனை அங்கங்கே. நாங்கள் பூநகரிப் பக்கத்திலிருந்தும் பளைப் பக்கத்திலிருந்தும் ஓலை எடுப்போம். பரந்தனில் பஸ் ஏறி ஓலைக்கட்டைப் படியருகில் வைத்தால் கண்டக்டர்மார் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் வேலியோரம் நான் தாட்ட பனங்கொட்டைகள் இப்போது இடுப்பளவு வடலி. அவற்றில் இன்னும் கத்தி வைக்கவில்லை. சனிக்கிழமை வருவதென்றால் ஓலை நான் தருவேன். வார்களைச் சுற்றி வைக்க ஒரு பழைய பருத்தித் துணி மட்டும் கொண்டு வாருங்கள்.